டி-ஷர்ட்டோட குளிக்கிறவன்

நீங்க கடல்ல டி-ஷர்ட்டோட குளிச்சிருக்கீங்களா? நான் எப்பவும் அப்படித்தான். ஸ்கூல்ல வாங்குன ‘குண்டு’ பட்டம்தான் காரணம்.

போன லீவுக்கு ஹவாயில், மௌயி தீவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மக்கேனா பெரிய கடற்கரையின் ஓரத்தில் எரிமலைப் பாறைகளை ஏறி இறங்கினால் ‘லிட்டில் பீச்’. பூங்கா விதிப்படி நிர்வாணம் தடைதான். ஆனாலும் உடையில்லாமல் குளிப்பது அங்கே பல வருஷப் பழக்கம்.

விஷயம் தெரியாம இறங்கிட்டேன். திரும்பி ஓடலாம்னு தோணுச்சு. பத்து நிமிஷத்துல கூச்சம் போச்சு. தொப்பை, சுருக்கம், ஆபரேஷன் தழும்பு எல்லாம் வெயிலில் நிம்மதியாப் படுத்திருந்தன. யாரும் யாரையும் உத்துப் பார்க்கலை; என்னையும்தான்.

ஷார்ட்ஸைக் கழற்றுற தைரியம் வரலை. டி-ஷர்ட்டை மட்டும் கழற்றினேன். கடல் முதன்முறையா என் முதுகை நேரா தொட்டுச்சு.

அடுத்த தடவை ஹாஸ்டல்ல யாரையாவது ‘குண்டு’ன்னு கூப்பிடும் முன், அவன் எத்தனை வருஷமா டி-ஷர்ட்டோட குளிக்கிறான்னு யோசிங்க.