பாரமெனும் எண்ணம்

மாணவர் உள்ளத்தில் தற்கொலை எண்ணம் தோன்றுமிடத்துப் பரீட்சைத் தோல்வியையோ காதல் முறிவையோ காரணமாகக் காட்டி அமைதல் நம்மவர் வழக்கம். எனினும் ஒரே தோல்வியை ஒருவன் தாங்குகிறான். மற்றொருவன் அதனால் நொறுங்குகிறான். நிகழ்வுக்கு மனம் கற்பிக்கும் பொருளிலேயே வேறுபாடு உளது.

அமெரிக்க உளமருத்துவரான ஆரன் பெக், நம்பிக்கையிழப்பை மதிப்பிடும் அளவுகோலை 1974இல் வெளியிட்டார். துயரத்தின் மிகுதியைக் காட்டிலும் 'இனி எதுவும் மாறாது' என்னும் முடிவே ஆபத்தானது என்பதை அவர்தம் ஆய்வுகள் உணர்த்தின. உளவியலாளர் தோமஸ் ஜொய்னர் 2005இல் எடுத்துரைத்த காரணிகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன: எவருடனும் ஒட்டாத தனிமை, தன்னைச் சார்ந்தோர்க்குத் தான் பாரம் என்னும் எண்ணம்.

இவை நம் மண்ணில் எவ்வாறு வேர்கொள்கின்றன? கேகாலை மாவட்டத்து வரக்காப்பொலப் பகுதியில் இறப்பர்த் தோட்ட லயமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். விடியலில் பால்வெட்டச் செல்லும் தாயின் உழைப்பும், அடகுக்கடை சேர்ந்த தோடும், தம்பி இடையில் நிறுத்திய படிப்பும் அவனுடன் வருகின்றன. 'நம்ம பிள்ளை' எனத் தோட்டமே பெருமை கொள்கிறது. அவனை வளர்த்த அவ்வன்பே தொலைவில் இருக்கையில் கடனாக உருமாறுகிறது. விரிவுரை ஆங்கிலத்தில் நிகழ்கிறது. பகிடிவதை மானத்தைச் சுடுகிறது. முதற் பெறுபேறு கைவிடுகிறது. 'இப்பாடத்தை எவ்வாறு மீள எழுதுவது?' என்று கேட்க வேண்டிய மனம், 'என்னால் அனைவர்க்கும் துன்பமே' என்று கணக்கை முடித்துவிடுகிறது. வீட்டுக்கு எழுதவும் நாணம் தடுக்கிறது. பாரமென்னும் எண்ணம் தனிமையை வளர்க்க, தனிமை அவ்வெண்ணத்தை உறுதியாக்குகிறது.

அக்கணக்கு பிழையானது. நொந்த மனத்தின் பார்வை குறுகிப்போவதால் அப்பிழை அதற்குப் புலப்படுவதில்லை. ஆயினும் அக்குறுகல் நிலையானதன்று. இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்த தற்கொலை வீதம், அடுத்த பத்தாண்டுகளில் பாதியளவாகக் குறைந்தது. நச்சுத்தன்மை மிக்க பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டமை அதற்கு முதன்மைக் காரணமாயிற்று. வழி அடைபட்டபோது எண்ணற்றோர் உயிர் தப்பினர். சாவை நாடும் வேகம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணிவது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அவ்வலை தணியும்வரை உடனிருக்க ஒருவர் தேவை. கலகலப்பானவன் ஒதுங்கினால், உடைமைகளைப் பகிர்ந்தளித்தால், 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்றால், அறைத்தோழன் நேரடியாகவே வினவலாம். வினவுதல் அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை. பூட்டிய கதவைத் திறக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டமும் 1998இல் நீங்கிற்று. 1974 முதல் சுமித்ரயோ அமைப்பு செவிமடுத்து வருகிறது. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு.

விரிவுரையாளர்க்கும் இதில் பங்குண்டு. தோல்வியை அறிவிக்கும் வாய், மீள எழுதும் வழியையும் அப்பொழுதே கூறுதல் வேண்டும். தாய் அனுப்பியது பட்டத்தை ஈட்டிவரும் கருவியை அன்று, தன் பிள்ளையை என்பதை அம்மாணவனுக்கு எவரேனும் உரக்கச் சொல்லியாக வேண்டும்.