குறைக்கத் தெரிந்த கைகள்

பாளையங்கோட்டையில் நூறாண்டு கடந்த ஆலயமொன்றில், முன்னொரு காலத்தில் ஆராதனைப் பாத்திரங்களைப் பூட்டி வைத்திருந்த சிறு அறை இப்பொழுது ஒலிக்கும் நேரலைக்கும் உரிய கூடமாகிவிட்டதென்று நண்பரொருவர் சொல்லக் கேட்டு, அங்கே சம்பளமின்றி உழைப்போரின் தொழிலை நேரில் காணும் ஆவலால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே அங்குப் போய்ச் சேர்ந்தேன். ஆராதனை எட்டரைக்குத்தான். கோயில்பிள்ளை பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாரநாட்களில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவரும், ஞாயிறுதோறும் மிக்சரின் முன் உட்காருகிறவருமான இளைஞர், ஆலயத்தின் நடுவில் நின்று ஓங்கி ஒருமுறை கைதட்டினார். அந்த ஒலி உத்தரம்வரை ஏறி, கற்சுவர்களைத் தொட்டுத் திரும்பி, ஓய்வதற்குள் நான் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டிருப்பேன்.

"இந்தக் கட்டடமே ஒரு பாட்டுக்காரர், அண்ணாச்சி. நாம வேற சத்தத்தக் கூட்டினா ரெண்டும் மல்லுக்கு நிக்கும். ஏத்துறதுக்கு முன்னால எதக் கொறைக்கலாம்னுதான் பாக்கணும்" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தின் வியாக்கியானமாகவே அன்றைய காலை முழுவதும் எனக்கு அமைந்தது. மின்விசிறிகளின் இரைச்சலும், மரத்தாலான பிரசங்க பீடத்தில் காலடி படும் அதிர்வும் தாழ்ந்த சுருதியில் சேர்ந்து சொற்களை மூடிவிடுமாதலால், பேசும் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை முதலில் அறுத்துவிட்டார். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இருமடங்கானால், மைக் கூவாமலிருக்க மொத்த ஒலியில் 3 டெசிபல் இறக்கியாக வேண்டுமென்பதால், யார் பேசவில்லையோ அவருடைய மைக்கை உடனே அடைத்துவிடுவது அவர் பழக்கம். என் போன்றோர் மைக்கைத் தட்டியும் ஊதியும் பார்ப்பதைக் கண்டால் அவருக்கு முகம் சுருங்கும். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, பேசப்போகும் குரலிலேயே ஒரு வசனம் வாசித்தால் போதும் என்பார்.

நடுத்தூண்களில் பொருத்திய ஸ்பீக்கர்களைப் பற்றி அவர் சொன்னது எனக்கு முற்றிலும் புதிது. ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், முன் ஸ்பீக்கரின் ஓசை 17 மீட்டர் கடந்து தூணை அடைய ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு ஆகிறது. மின்கம்பி வழியே வரும் குரலோ கணப்பொழுதில் அங்கு வந்துவிடுகிறது. ஆகவே தூண் ஸ்பீக்கரை அந்த அளவுக்கு வேண்டுமென்றே தாமதிக்கச் செய்தாலொழியப் பின்வரிசைப் பாட்டிக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

காமிராவை இயக்கிய கல்லூரி மாணவியிடமும் இந்தச் சிக்கனமே குடிகொண்டிருந்தது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகளுடையதாதலால் விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் 100 முறை துடிக்கின்றன. காமிராவின் ஷட்டர் அதற்கு இசையாதபோது படத்தில் கருவரிகள் ஊர்ந்து செல்லும். விநாடிக்கு 25 படம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று அமைத்தவுடன், அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த பீடத்துச் சுவர் என் கண்ணெதிரே அமைதியடைந்தது. அதன் பிறகு அவள் காமிராவை அநாவசியமாக அசைக்கவேயில்லை.

பாடல் வரிகளைத் திரையிடும் பொறுப்பு ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவருடையது. வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் உள்ளிட்ட பாடல்களையெல்லாம் முன்பு பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்தார்களாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றி, பக்கத்துக்கு நான்கே வரிகள் என்று வரையறுத்து, திரையின் அகலத்தைப் பாராமல் பொருள் பார்த்து வரி பிரித்திருக்கிறார். அதைக் கண்டபோது தரங்கம்பாடியை நினைத்துக்கொண்டேன். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பருத்துக் காகிதத்தை விழுங்கக் கண்ட மிஷனரி சீகன்பால்குவும் அவருடைய தோழர்களும், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டல்லவா 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள்!

குறைக்கலாகாத ஒன்றும் உண்டென்பதை நேரலை கற்பித்ததாம். மிக்சரில் உள்ளதை அப்படியே அனுப்பியபோது, வீட்டிலிருப்போருக்குச் சபைப் போதகரான ஐயருடைய குரலும் பாடகர் குழுவுமே எட்டின. சபையாரின் பாட்டு எட்டவில்லை. ஆலயத்தில் எல்லாரும் அதைக் காதாரக் கேட்பதால் அதற்கென மைக் வைக்க எவருக்கும் தோன்றவில்லை. இப்பொழுது சபையை நோக்கிய இரண்டு மைக்குகள் நேரலைக்கு மட்டும் ஒலி தருகின்றன.

பிரசங்கம் முடிந்து மௌன ஜெபம் தொடங்கிற்று. ஆரம்ப நாட்களில் இந்த வேளையில்தான் மும்பையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும், "சத்தம் வரலயே" என்று அழைப்புகள் வந்து குவியுமாம். பின்னணியில் இசை சேர்க்கலாமென்றார் சிலர், ஐயர் இணங்கவில்லை. முடிவில் ஆசிரியையம்மாள் திரையின் கீழே 'மௌன ஜெபம்' என்ற இரண்டு சொற்களை மட்டும் இட்டார், அழைப்புகள் நின்றுபோயின.

அன்றும் அச்சொற்கள் தோன்றின. பிரசங்க பீடத்து மைக்கை மெல்ல அடைத்த இளைஞர், என் காதில் ஹெட்ஃபோனை மாட்டினார். விசிறிகளின் சுழற்சி, யாரோ ஒருவரின் இருமல், ஒரு குழந்தையின் சிணுங்கல், அதை அடக்கும் தாயின் முணுமுணுப்பு, எல்லாம் அந்த இரண்டு மைக்குகள் வழியே கடல் கடந்து போய்க்கொண்டிருந்தன. ஜெபம் முடிந்து மணி ஒலிக்கும்வரை அவர் தம் இரு கைகளையும் மடியில் வைத்தபடியே இருந்தார்.