ஆறு இன்னிங்ஸ் பேசாமல் இருந்தேன்

உடற்கல்வி ஆசிரியராக இருந்த நாட்களில் கபடிக்கும் வாலிபாலுக்கும் நடுவராக நின்ற கதைகளை இங்கே எழுதியிருக்கிறேன். சாஃப்ட்பால் பற்றி மட்டும் எழுதியதில்லை. அதற்குக் காரணம் உண்டு. இன்று சொல்லிவிடுகிறேன்.

பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பேஸ்பாலின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1887இல் சிகாகோவில் ஒரு கூடத்துக்குள் பிறந்த ஆட்டம். பந்தைத் தோளுக்கு மேலிருந்து எறியக் கூடாது, கையைக் கீழாகக் கொண்டுவந்துதான் விட வேண்டும். அதனால் மெதுவாக வரும் என்று நினைக்க வேண்டாம். காற்றாலை இறக்கை மாதிரி கையைச் சுழற்றி விடுவார்கள். விண்ட்மில் என்றே அதற்குப் பெயர். அன்று பெண்களுக்குத் தூரம் 40 அடி, இன்று பெரிய போட்டிகளில் 43. கிரிக்கெட் பிட்சின் நீளம் 66 அடி என்பதை நினைத்துப் பாருங்கள், பேட் பிடிப்பவருக்கு யோசிக்க நேரமே இருக்காது.

அதனால்தான் பந்து விடுவதற்கு அத்தனை விதிகள். முதலில் தரையில் பதித்த 24 அங்குலப் பலகையில் கால் வைத்து, கைகளைச் சேர்த்து அசையாமல் நிற்க வேண்டும். பிறகு கை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றக் கூடாது. விடும்போது கை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், மணிக்கட்டு முழங்கையைவிட உடம்பை விட்டு விலகக் கூடாது. முன்னால் ஒரே எட்டு, அதுவும் பலகையின் அகலத்துக்குள். அன்று பின்னங்கால் தரையை விட்டு எழாமல் தேய்த்துக்கொண்டே வர வேண்டியிருந்தது.

இந்தக் கடைசி விதியில்தான் வம்பு. இரண்டு காலும் தரையை விட்டு எழும்பினால் அது லீப். எழும்பிய பின்னங்காலைப் பலகைக்கு முன்னால் மறுபடி ஊன்றி இன்னொரு முறை உந்தினால் அது குரோ ஹாப், நம் பேச்சில் காகத் தத்தல். அதில் பந்து விடுபவர் தூரத்தைத் திருடுகிறார். எங்கள் நாளில் பெண்களுக்கு இரண்டுமே தவறு. தவறென்றால் அடிப்பவருக்கு ஒரு பால், பேஸில் நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு பேஸ் முன்னேறலாம்.

மண் மைதானத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தேய்த்த கால் மண்ணில் கோடு போட்டிருக்கும். கோடு நடுவில் அறுந்திருந்தால் லீப். பலகைக்கு முன்னால் குழி விழுந்திருந்தால் காகத் தத்தல்.

தொண்ணூறுகளில் ஒரு பள்ளிப் போட்டி, பெண்கள் இறுதி ஆட்டம். நான் பேஸ் அம்பயர். ஒரு கிராமத்துப் பள்ளிப் பெண் அருமையாகப் பந்து விட்டுக்கொண்டிருந்தாள். முதல் இன்னிங்ஸிலேயே கவனித்துவிட்டேன், கோடு அறுந்திருந்தது. குழி இல்லை. சின்னப் பெண், இதில் அவளுக்கு என்ன பெரிய லாபம் என்று விட்டுவிட்டேன். ஆறு இன்னிங்ஸ் விட்டேன்.

ஏழாவது, கடைசி இன்னிங்ஸ். ஸ்கோர் சமம். எதிரணிப் பெண் மூன்றாவது பேஸில் நிற்கிறாள், இரண்டு பேர் அவுட். எதிரணிப் பயிற்சியாளர், "சார், காலைப் பாருங்க!" என்று கத்தத் தொடங்கினார். கூட்டமும் சேர்ந்துகொண்டது. அடுத்த பந்தில் அவள் கால் எழும்பியதும் என் இடது கை முஷ்டியோடு நீண்டுவிட்டது. அடித்தவள் மட்டையை வீசித் தவறவிட்டாள், மூன்றாவது ஸ்டிரைக். பந்து விட்டவள் துள்ளிக் குதித்தாள். அப்புறம்தான் என் கையைப் பார்த்தாள். மூன்றாவது பேஸில் நின்றவள் நடந்தே ஹோமுக்குப் போனாள். ஆட்டம் முடிந்தது.

அந்தப் பெண் அழவில்லை. என்னிடம் வந்து, "முதல் இன்னிங்ஸ்லேர்ந்து இப்படித்தானே சார் போட்டேன்?" என்றாள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். கான்வாஸ் ஷூவின் நுனி கிழிந்து பெருவிரல் வெளியே தெரிந்தது. அந்த விரலை எப்படித் தரையில் தேய்ப்பாள்? "ரூல் அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடப் போய்விட்டேன்.

இப்போது ஏன் நினைவு வந்தது? அமெரிக்காவில் 2024 முதல் கல்லூரி ஆட்டங்களிலும், 2025 முதல் பள்ளி ஆட்டங்களிலும் பெண்கள் இரண்டு காலும் எழும்பப் பந்து விடலாம் என்று விதியை மாற்றிவிட்டார்களாம். மறுபடி ஊன்றி உந்துவது மட்டும் இன்னும் தவறு. ஆண்களுக்கு இந்தச் சலுகை எப்போதோ வந்துவிட்டது.

விதி மாறியதால் நான் அன்று கை நீட்டியது தவறாகிவிடாது. அன்றைய புத்தகப்படி அது சரிதான். என் தவறு முதல் இன்னிங்ஸில். அப்போதே கூப்பிட்டு, "அம்மா, கால் எழும்புது, பார்த்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் திருத்திக்கொண்டிருப்பாள். யாராவது ஒரு ஜோடி ஷூவாவது கொடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு நடுவராக நின்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் இன்னிங்ஸிலேயே சொல்லிவிடுவேன். புதிதாக வரும் நடுவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அவளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆமாம் அம்மா, முதல் இன்னிங்ஸிலிருந்தே நீ அப்படித்தான் போட்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.