உலை வாயில் ஒரு மணி

குடிமல்லம் சிவலிங்கத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் பாப்பாநாயுடுபேட்டையைக் கடந்துதான் போகிறார்கள். ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் இடையில், ஏர்ப்பேடு வட்டாரத்தில் இருக்கிற ஊர். யாரும் இறங்கி நிற்பதில்லை. நான் சில வருடங்களுக்கு முன் அங்கே போனது கண்ணாடி மணி உலைகளுக்காக. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் மணி செய்த முறையும் இந்த ஊரில் நடப்பதும் ஒன்றுதான் என்று அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து அந்த வேலையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

உலைக் கொட்டகைக்குள் நுழைந்ததுமே முகம் காய்ந்தது. நீளமான இரும்புக் குழாய் ஒன்றின் முனையில் உருகிய கண்ணாடியை மேலும் மேலும் சுற்றி எடுத்து, கல்லில் உருட்டிக் கூம்பாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழாய்க்கு லாடா என்று பெயர். அதற்குள் ஓடும் கம்பிதான் கூம்பின் நடுவே துளை போடுகிறது. ஒருவரால் தூக்க முடியாத கனம். சேர்ந்து தூக்கி உலையின் ஒரு வாய்க்குள் செலுத்தினார்கள். எதிர்ப்பக்கத்தில் சின்னத் துவாரம். அதன் முன்னால் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

அவர் கொக்கியை உள்ளே விட்டு, கூம்பின் நுனியைப் பிடித்து இழுத்தார். கண்ணாடி குழலாக வெளியே வந்தது, உள்ளே துளையோடு. அதற்கப்புறம் கொக்கிக்கு வேலையில்லை. இடது கை, வலது கை, மறுபடி இடது கை என்று இழுத்துக்கொண்டே இருக்கிறார். இழுப்பு தளர்ந்தால் குழல் தடித்துவிடும், வேகம் கூடினால் மெலிந்துவிடும். அந்தப் பக்கம் இன்னொருவர் லாடாவை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது, நடுவில் நெருப்பு. இப்படியே மணிக்கணக்கில். இழுத்த குழலை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் ஒடித்து ஒடித்து அடுக்கினார்கள். அடுக்கிலிருந்து ஏழெட்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பருமனில் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கண்ணை இடுக்க வேண்டியிருந்தது.

வெனிஸுக்குப் பக்கத்து முரானோவிலும் குழல் இழுத்து மணி செய்திருக்கிறார்கள். அங்கே கண்ணாடிக் கட்டியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் விலகிப் போவார்கள். ஒரு கட்டிக்கு ஒரே இழுப்பு. உட்கார்ந்த இடத்தில், ஒரே கூம்பிலிருந்து விடாமல் இழுப்பது நம் தெற்கத்தி வழி. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியதைப் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். ரோமானிய மதுச்சாடிகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு அங்கே கிடைத்த குழல் துண்டுகளையும் கழிவுக் கண்ணாடியையும் பற்றி நாம் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சாடி வெளியிலிருந்து வந்தது, மணி இங்கிருந்து போனது. இந்த வகைச் சின்ன மணிகள் தென்னாப்பிரிக்காவின் மாப்புங்குப்வேயிலும் கிடைத்திருக்கின்றன, கொரியாவிலும் கிடைத்திருக்கின்றன.

பாப்பாநாயுடுபேட்டையில் குழலை நறுக்குவது பெண்கள் வேலை. நிமிர்த்தி நட்ட இரும்புத் தகட்டின் மேல் ஒரு கைப்பிடிக் குழல்களை வைத்து, இன்னொரு தகட்டால் தட்டுகிறார்கள். மணிகள் பொலபொலவென்று விழுகின்றன. பிறகு சாம்பலில் பிசறிச் சட்டியில் போட்டுச் சூட்டில் கிளறுகிறார்கள். விளிம்பு இளகி உருண்டையாகிறது. துளைக்குள் புகுந்த சாம்பல் துளை மூடிவிடாமலும், மணியோடு மணி ஒட்டிவிடாமலும் காக்கிறது. அப்புறம் புடைத்து, சலித்து, கோக்க வேண்டும்.

இத்தனையும் முடிந்தபின் எடை போட்டு விற்கிறார்கள். கடைக்கு வந்து சேரும்போது அது வெறும் பாசிமணி. பிளாஸ்டிக் மணிக்குப் பக்கத்து டப்பாவில் கிடக்கிறது. வாங்குகிறவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. கை நன்றாக வேலை செய்ததாலேயே கை வைத்த அடையாளம் மறைந்துவிட்டது. தெரிந்த ஒருவர் காட்டிக் கொடுத்தால்தான் தெரியும்.

காட்டுவது சுலபம். கன்னத்தில் வைத்தால் கண்ணாடி குளிரும், பிளாஸ்டிக் குளிராது. ஒரு சின்ன உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழ்கள் துளையின் திசையிலேயே நீண்டு படுத்திருக்கும்: மேஸ்திரி இழுத்த திசை அது. கம்பியில் சுற்றிச் செய்த மணியாக இருந்தால் கோடுகள் துளையைச் சுற்றி ஓடும். சரத்தில் ஒரு மணி கொஞ்சம் குட்டை, அடுத்தது கொஞ்சம் நெட்டை என்றிருக்கும். இதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுகிறவர்களைக் கண்காட்சிக் கடைகளில் பார்த்திருக்கிறேன். ஜப்பானிய இயந்திர மணிகள் அச்சுப் பிசகாமல் இருப்பது உண்மைதான், கட்டம் பார்த்து நெய்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும். கழுத்தில் போட்டுக்கொள்ள அப்படி என்ன அவசியம்? அந்த ஏற்ற இறக்கம்தான் மாலைக்கு அசைவு தருகிறது.

விற்கிற இடத்தில் ஒவ்வொரு சரத்துக்குப் பக்கத்திலும் நறுக்காத குழல் ஒன்றை வைத்தால் என்ன என்று மேஸ்திரியிடம் கேட்டேன். ஊரில் தமிழும் ஓடுகிறது. “குழல் எதுக்கு சார், வழியிலேயே ஒடைஞ்சுபோயிடும்” என்றார். ஒரு சாண் துண்டு போதுமே என்றேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

“அதோட வறுக்காத மணியும் ஒரு பிடி வைக்கச் சொல்லுங்க. தொட்டுப் பாக்கட்டும், குத்தும். மாலையில இருக்கிறது ஏன் குத்தலேன்னு அப்பதான் கேப்பாங்க. கேட்டா நாங்க செய்யிறதச் சொல்லலாம் இல்ல?”

மேஸ்திரி தலையாட்டினார். ஒரு காகிதத்தில் இரண்டையும் தனித்தனியாக மடித்துக் கொடுத்தார்கள்.