டெக்ஸாஸ் புல்வெளியில் ஓங்கோல் ரத்தம்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், தெற்கே கடலோரப் புல்வெளியில் நான்கு பிரிவுகளாகக் கிடக்கிறது கிங் ராஞ்ச். மொத்தம் 8,25,000 ஏக்கர். கோவாவைவிடச் சற்றே சிறிய இந்த மாட்டுப் பண்ணை முழுவதும் ஒரே குடும்பத்தின் வாரிசுகளுக்குச் சொந்தம்.

ஆரம்பித்தவர் பரம்பரைப் பண்ணையார் அல்ல. நியூயார்க்கில் ஏழை ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்து, சிறுவயதில் கப்பலில் ஒளிந்து ஓடிப்போன ரிச்சர்ட் கிங், பிறகு ரியோ கிராண்ட் ஆற்றில் நீராவிப் படகு ஓட்டிய கேப்டன். 1853ல் 15,500 ஏக்கரை 300 டாலருக்கு வாங்கினார். ஏக்கர் இரண்டே சென்ட்! அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்புதான் அந்தப் பகுதி மெக்ஸிகோவின் கையைவிட்டுப் போயிருந்தது. பழைய உரிமையாளர்கள் கிடைத்த விலைக்கு விற்றார்கள்.

மறுவருடம் வறட்சியில் வாடிய மெக்ஸிகோ கிராமம் ஒன்றில் மாடுகளை வாங்கிக்கொண்டு திரும்பினார் கிங். பாதி வழியில்தான் உறைத்ததாம்: மாடும் போனபின் ஊர் எப்படிப் பிழைக்கும்? திரும்பிப் போய் ஊரையே அழைத்து வந்தார் என்பது பண்ணையில் சொல்லப்படும் கதை. கருணை மட்டுமல்ல, கணக்கும்தான். மாடு, குதிரை வித்தை தெரிந்தவர்கள் அவர்கள்தான். 'கினேன்யோக்கள்' (கிங்கின் ஆட்கள்) என்று பெயர் பெற்ற அவர்களின் சந்ததியும் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தது. முதலாளி வீட்டுக்கு நிலம் வாரிசுரிமை; இவர்களுக்கு வேலை.

1885ல் கிங் இறந்தபோது மனைவி ஹென்ரியட்டாவுக்கு நிலத்துடன் ஐந்து லட்சம் டாலர் கடனும் வந்தது. அவர் அசரவில்லை. வக்கீல் ராபர்ட் க்ளெபர்கை நிர்வாகியாக்கினார். மறுவருடமே அவர் மாப்பிள்ளையும் ஆனார். 1925ல் ஹென்ரியட்டா மறைந்ததும் மீண்டும் கடன், வரி, பாகப்பிரிவினை. பண்ணை துண்டாடப்படாமல் காப்பாற்றியதில் 1933ல் எண்ணெய் நிறுவனத்துக்குத் தந்த குத்தகைக்குப் பெரும் பங்கு உண்டு.

மாடுகளைக் காப்பாற்றியதோ இந்தியா. இங்கிலாந்து இன மாடுகள் டெக்ஸாஸ் வெயிலையும் உண்ணியையும் தாங்காமல் தவித்தன. ஓங்கோல், கிர், காங்கிரேஜ் போன்ற நம் இனங்களிலிருந்து அமெரிக்கர்கள் உருவாக்கிய திமில் மாட்டுக்கு, வேடிக்கையாக, 'பிராமன்' என்று பெயர். மூன்றாம் தலைமுறையின் பாப் க்ளெபர்க் அதை ஷார்ட்ஹார்னுடன் கலந்தார். 1920ல் பிறந்தது 'மங்கி' என்ற சிவப்புக் காளை. அதன் வாரிசுகளே 1940ல் தனி இனமாக அங்கீகாரம் பெற்ற 'சாந்தா கெர்ட்ரூடிஸ்'. எட்டில் மூன்று பங்கு திமில் மாட்டு ரத்தம், மிச்சம் ஷார்ட்ஹார்ன்.