தாயத்தும் தாயும்

சென்னீர்குப்பத்தில் வாழ்கிறாள் என் தங்கை. அவள் மகனுக்கு ஏழு வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். கேட்ட கேள்வியையே விடையாகத் திருப்பித் தருவான். சட்டைப் பொத்தான் அவன் விரலுக்கு அடங்காது. பென்சில் பிடித்தால் நழுவும். மருத்துவர் சொன்னார், ஆட்டிசம் என்று.

மாமியார் சொன்னார்: முன்வினை! சோதிடர் சொன்னார்: கிரகதோஷம்! பிள்ளையின் இடுப்பில் தாயத்து ஏறியது. கண்டேன், கொதித்தேன். "அறுத்தெறி!" என்றேன். அறுத்தாள். அத்துடன் நின்றேனா? இல்லை. "நீ அவனோடு பேசிப் பழகியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா?" என்றும் கேட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை. "அண்ணா! சோதிடர் என் முற்பிறவியைப் பழித்தார். நீங்கள் இப்பிறவியைப் பழிக்கிறீர்கள். உங்களிடம் மட்டும் சான்று இருக்கிறதா?" என்றாள்.

தோழர்களே! பகுத்தறிவு பேசிய என் நா அன்று அடங்கிற்று. ஏடுகளைப் புரட்டினேன். 1943இல் அமெரிக்க மருத்துவர் லியோ கான்னர் 11 குழந்தைகளைக் கண்டு இந்நிலையை விவரித்தார். அதன்பின், அன்பற்ற தாயே காரணம் என்று மேலைநாட்டு அறிஞர் சிலர் பழி சுமத்தினர். பட்டம் பெற்றோர் வளர்த்த மூடநம்பிக்கை அது! அத்தகைய மகனைப் பெற்ற உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், 1964இல் அதை மறுத்து நூல் எழுதினார். 1977இல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் இருவரும் இங்கிலாந்தில் இரட்டையரை ஆய்ந்து, மரபுக் கூறின் பங்கைக் காட்டினர். மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு அது. பாவமுமன்று, பாசக் குறைவுமன்று.

குற்றவாளியைத் தேடிய என் கண், பிறகுதான் குழந்தையைக் கண்டது. தாகமெடுத்தால் என் கையைப் பற்றிக் குடத்தருகே இழுக்கிறான். அது பேச்சில்லையா? படஅட்டைகள் தந்தோம், குவளைப் படத்தை எடுத்து நீட்டினான். பெரிய பொத்தானில் தொடங்கி விரல்களைப் பழக்கினோம். மூன்று மாதத்தில் ஒரு பொத்தான் மாட்டினான். எங்கள் வீட்டுக்கு அது வெற்றி விழா!

ஒரு பள்ளி "இடமில்லை" என்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பள்ளிச் சேர்க்கையில் பாகுபாடு கூடாதென்கிறது. சட்டத்தைக் கையில் எடுத்துச் சென்ற தங்கை, மற்றொரு பள்ளியில் இடம் பெற்றாள்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தாயத்தை அறுக்க ஒரு கத்திரி போதும். தாய்மேல் சுமத்திய பழியை அறுக்க, நம் அகந்தையை அல்லவா அறுக்க வேண்டியிருக்கிறது! உங்கள் தெருவிலும் இத்தகைய பிள்ளை இருப்பான். காரணம் கேட்டு அவன் தாயை வாட்டாதீர்கள். அவன் கை இழுக்கும் திசையில் நடந்து பாருங்கள்.