மேட்டுக்கு எந்த கேம்?

கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை இல்லை. வாசலில் பம்ப்செட் ஷாஃப்டும் லாரி கிராங்கும் குவிந்து கிடக்கின்றன; வாடகையும் கூலியும் அவற்றிலிருந்துதான் வருகின்றன. ஆனால் ராலிக்காரர்களும் மலையில் ஜீப் ஓட்டுகிறவர்களும் தேடி வருவது எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேமைக் கடைய உள்மூலையில் நிற்கும் பழைய கிரைண்டிங் மெஷினையும், அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் மாஸ்டரையும்தான். இந்த ஊரில் இதில் அதிசயமில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிய கரிவரதனின் ஊர் இது. செட்டிபாளையத்து ரேஸ் டிராக் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

நான் போயிருந்தபோது வால்பாறையிலிருந்து ஒரு ஜிப்ஸி கிங் வந்து நின்றது. 16 வால்வு வருவதற்கு முந்தைய மாடல்: 1298 சிசி, எட்டு வால்வு, கார்புரேட்டர், 60 குதிரைத்திறன். எஸ்டேட்டுக்குச் சாமான் ஏற்றுகிற வண்டி.

“ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பிச்சா செகண்ட்ல இழுக்க மாட்டேங்குதுங்ணா. ரேஸ் கேம் ஒண்ணு போட்டுரலாம்னு வந்தேன்.”

மாஸ்டர் பானட்டைத் திறக்கவில்லை. நேராக டயரிடம் போய்க் குனிந்தார். “இது எப்பத் தம்பி மாத்துனது?”

கம்பெனி கொடுத்தது 205/70 ஆர் 15. இதில் மாட்டியிருந்தது 235/75. விட்டக் கணக்குப் போட்டால் 668 மில்லிமீட்டர் இருந்த சக்கரம் 733 ஆகியிருக்கிறது. ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. அந்த அளவுக்கு எல்லா கியரும் நீண்டுபோகும். “டயரை மாத்துன அன்னைக்கே கியரையும் மாத்திட்டீங்க. கேம் என்னங்க பண்ணும்?” என்றார்.

அடுத்த கேள்வி எனக்குப் பிடித்தது. மேட்டில் இரண்டாவது கியரில் ஏறும்போது ஸ்பீடோமீட்டர் என்ன காட்டும்? முப்பது என்றார் வண்டிக்காரர். மாஸ்டர் செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப எஞ்சின் 2,500 பக்கம் சுத்துது. நீங்க கேக்குற கேம் 4,000-க்கு மேலதான் கண்ணு முழிக்கும்” என்றார்.

விஷயம் இதுதான். கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 பாகை சுற்றினால் கேம் ஒரு சுற்று. பிஸ்டன் கீழே இறங்கும் 180 பாகையில்தான் காற்று உள்ளே வரவேண்டும். ஆனால் வேகமாக ஓடும் எஞ்சினில் காற்றுக்கு ஓர் உந்தம் இருப்பதால், பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் அது உள்ளே வந்துகொண்டிருக்கும். அதனால் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடுகிறார்கள். ரேஸ் கேமில் தாமதம் இன்னும் அதிகம். மெதுவாக ஓடும்போது அந்த உந்தம் போதாது. பிஸ்டன் ஏறும்போது, உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். கொண்டைஊசியில் வண்டி தம் கட்டுவது அந்த இடத்தில்தான். மேலே சேர்கிற சக்தியில் ஒரு பகுதி கீழேயிருந்து எடுத்ததுதான். கடைகளில் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்களே, அந்த எண் வால்வு எத்தனை பாகை திறந்திருக்கும் என்பதையும் சொல்லாது, எவ்வளவு உயரம் திறக்கும் (லிஃப்ட்) என்பதையும் சொல்லாது. காசு கொடுப்பவருக்கு ஒரு பெருமையைச் சொல்லும், அவ்வளவுதான்.

பிறகுதான் ஹெட் திறந்தது. கழற்றிய கேம்ஷாஃப்டை இரண்டு வி-பிளாக்கில் படுக்க வைத்து, டயல் கேஜ் முள்ளை ஒவ்வொரு லோப்பிலும், அதாவது வால்வைத் தள்ளும் மேட்டிலும், வைத்து மெல்லச் சுழற்றினார்கள். மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் லோப் மற்றவற்றைவிட அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. மாஸ்டர் என் விரலைப் பிடித்து அதன் மூக்கில் வைத்து நகத்தால் வருடச் சொன்னார். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்த இடத்தில் நகம் தடுக்கித் தடுக்கி ஓடியது. இழுவை குறைந்ததற்கு டயர் பாதிக் காரணம், இதற்கும் பங்குண்டு.

கேமைக் கடைவது சேர்க்கிற வேலையல்ல, குறைக்கிற வேலை. லோப்பின் மூக்கு உயர வேண்டுமென்றால் அடிவட்டத்தைச் சீவ வேண்டும். அரை மில்லிமீட்டர் லிஃப்ட் கூட வேண்டுமா? அடிவட்டத்தின் ஆரத்தில் அரை மில்லிமீட்டர் போகும். அதனால் வரும் இடைவெளியை, கேமுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள ராக்கரின் திருகை இறக்கிச் சரிக்கட்டலாம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இன்னொரு எல்லை உலோகத்தில் இருக்கிறது. வார்ப்பின்போதே மணல் அச்சில் லோப் வரும் இடங்களில் இரும்புக் கட்டிகளை வைத்துச் சட்டென்று குளிரவைப்பார்கள். மேல்தோல் மட்டும் வெள்ளை இரும்பாக இறுகும். அந்தத் தோலைத் தாண்டிச் சீவினால் உள்ளே மென்மையான இரும்பு. பார்க்க அழகாக இருக்கும், சீக்கிரமே தேய்ந்துவிடும். ஆழமாகச் சீவச் சொல்லும் ராலிப் பையன்களை மாஸ்டர் திருப்பி அனுப்பிவிடுவாராம். அவருடைய திறமையில் பாதி அந்த மறுப்பில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மெஷினை ஓட்டுவது ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். மெஷினிலுள்ள மாதிரித் தகட்டின் (மாஸ்டர் பிளேட்) வடிவத்தைத் தொட்டுத் தொட்டு கேம் முன்னும் பின்னும் ஆடுகிறது. கல் அதே வடிவத்தை லோப்பில் இறக்குகிறது. பால் நிறத்தில் கூலன்ட் கொட்டிக்கொண்டே இருக்க, அவர் தலையைச் சாய்த்துச் சத்தத்தை மட்டும் கவனிக்கிறார். சீறல் ஓய்ந்து சன்னமான இழைப்பு ஓசை வந்ததும் கல்லைப் பின்னிழுத்துவிட்டார். கூலன்ட்டில் ஊறி ஊறி அவர் விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. சிஎன்சி கற்றுக்கொண்டு போய்விட வேண்டும் என்றார், தெளிவான கோவைத் தமிழில். புது வண்டிகளில் வால்வு நேரத்தை கம்ப்யூட்டரே மாற்றிக்கொள்கிறது. கேம் கடைய யார் வருவார்கள்?

கடைசியில் ஜிப்ஸிக்கு முடிவானது ரேஸ் கேம் அல்ல. தேய்ந்த லோப்புக்கு ஈடாக எட்டையும் பழைய வடிவத்துக்கே மெல்லச் சீவி, டிகிரி வீல் வைத்து கேமை நான்கு பாகை முன்னே தள்ளிப் பூட்டினார்கள். முன்னே தள்ளினால் இன்டேக் சீக்கிரம் மூடும், இழுவை கீழ்ச்சுற்றுக்கு இறங்கி வரும். லோப்பில் மாலி பேஸ்ட் தடவி எஞ்சினை முடுக்கியதும், 2,000-க்குக் கீழே விடாமல் இருபது நிமிடம் ஓட்டினார்கள். புது முகம் ராக்கரோடு பழகும் நேரம் அது. ஐட்லிங்கில் விட்டால் சிராய்த்துவிடும். பிறகு ஆயில் மாற்றி, டேப்பட் இடைவெளியை மறுபடி சரிபார்த்தார்கள்.

“டயரையும் பழசுக்கே மாத்திருங்க தம்பி.”

“அது மட்டும் வேண்டாங்ணா. பாக்கக் கெத்தா இருக்கு.”

மாஸ்டர் சிரித்துக்கொண்டே பில் எழுதினார். “ஐநூறு கிலோமீட்டர் ஓடுனதும் டேப்பட் செக் பண்ண வாங்க. சும்மா வண்டிய ஓட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லப்படாது, லோடோட ஏறிப் பாத்துட்டுச் சொல்லோணும்.”